கதவை அடைத்தவர் மீதே பொறுப்பு: லில்லிப் பூவும் வீட்டுப் பூனையும்



பூனையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் சமுதாயத்தில் ஒரு பெருமிதம் எழுவதுண்டு. பூனைக்குட்டியின் பெயரோடு சேர்த்தே அழைக்கப்பட்ட அபூஹுரைரா (ரலி) அவர்களை நினைவுகூர்கிறோம். பூனை வாய் வைத்த நீர் அசுத்தமாகாது என்ற மார்க்கச் சட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்தப் பெருமிதத்தில் தவறில்லை. பெருமிதத்தோடு நின்றுவிடுவதுதான் தவறு. அந்தப் பூனை உறங்கும் கூடத்தின் மேசையிலேயே, அதன் உயிரைப் பறிக்கக்கூடிய பூவைச் சாடியில் நிறுத்தி அழகு பார்க்கும் வீடுகள் நம்மிடையே பெருகி வருகின்றன.

அந்தப் பூ லில்லி. நிக்காஹ் மேடையிலிருந்தும், வலீமா விருந்திலிருந்தும், நோயாளியை நலம் விசாரிக்க வந்தவர் கையிலிருந்தும் அது பூங்கொத்தாக நம் வீட்டுக்குள் நுழைகிறது. உதகை, கொடைக்கானல், நுவரெலியா போன்ற குளிர்ந்த ஊர்களில் தோட்டத்திலும் தொட்டியிலும் வளர்கிறது. வெண்மையும் இளஞ்சிவப்பும் ஆரஞ்சு நிறமுமாக, அகன்ற ஆறு இதழ்களோடும் நீண்டு தொங்கும் மகரந்தப் பைகளோடும் நிற்கும் அப்பூ அழகானது என்பதை யாரும் மறுப்பதற்கில்லை.

பூனை வளரும் வீட்டில் இப்பூ இருக்கலாமா? கூடாது என்பதே நம் வாதம். ஒரு நாள்கூட, வேறோர் அறையில்கூட, உயரமான அலமாரியின் மேல்கூடக் கூடாது. இதைச் சொன்னவுடன் நம்மிடையே எழும் மறுப்புகள் பல. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன், இப்பூ செய்வது என்னவென்று தெரிந்துகொள்வோம்.

பூ செய்யும் வேலை

தாவரவியலில் லிலியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவையும், ஹெமரோகாலிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த ‘டே லில்லி’ வகைகளும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கின்றன. பூக்கடைகளில் கிடைக்கும் ஏசியாடிக், ஓரியண்டல், ஸ்டார்கேஸர், ஈஸ்டர் லில்லி, டைகர் லில்லி ஆகிய அனைத்தும் லிலியம் பேரினத்தவையே. இவற்றில் இதழ், இலை, தண்டு, கிழங்கு, மகரந்தம் என எந்தப் பகுதியும் விலக்கல்ல. பூக்கள் நிற்கும் சாடியின் நீர்கூட ஆபத்தானதே. ஓர் இலையின் சிறு துண்டோ, உடலில் ஒட்டிய மகரந்தத் தூளோ ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இந்த அழிவைச் செய்யும் நச்சுப்பொருள் எதுவென்று ஆய்வாளர்கள் இன்றுவரை உறுதியாக அடையாளம் காணவில்லை. அதை முறிக்கும் மருந்தும் இல்லை.

நச்சு உள்ளே சென்ற 12 மணி நேரத்திற்குள் வாந்தி, எச்சில் வடிதல், சோர்வு, உணவில் நாட்டமின்மை ஆகியவை தோன்றும். முதல் வாந்தி சில மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடுவதும் உண்டு. ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டார் நிம்மதி அடைவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் சிறுநீரகம் அழியத் தொடங்குவதும் அதே நேரத்தில்தான். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். சிகிச்சை கிடைக்காத பூனை ஒரு வாரத்திற்குள் இறந்துவிடும்.

‘பூனைக்கே தெரியும், அது தின்னாது’

அதிகமாகக் கேட்கும் மறுப்பு இதுதான். வாயில்லா ஜீவன்களுக்கு எது நஞ்சு, எது உணவு என்ற அறிவை இறைவன் கொடுத்திருக்கிறான். அதில் நாம் தலையிட வேண்டியதில்லை என்கிறார்கள்.

இறைவன் கொடுத்த அறிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவு எந்தச் சூழலுக்குக் கொடுக்கப்பட்டதோ, அந்தச் சூழலில் நாம் பூனையை வைத்திருக்கிறோமா? வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் அரபு நிலங்களை ஒட்டிய பகுதிகளிலும் திரிந்த காட்டுப் பூனை. பூக்கடை லில்லிகளின் மூதாதைகளோ பெரும்பாலும் ஜப்பானையும் சீனத்தையும் சேர்ந்தவை. இவ்விரண்டையும் ஒரே கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தது மனிதனின் கை.

விரும்புவது வேறு, பாதுகாப்பானதை அறிவது வேறு என்பதற்கு நம் ஊர் வேலியோரத்திலேயே சான்று இருக்கிறது. குப்பைமேனியின் வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளும். அதனால்தான் அச்செடிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயரும் வழங்குகிறது. பூனை ஒரு செடியை நாடுவதோ நாடாததோ அச்செடியின் நஞ்சைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் புல்லின் வாசமே இல்லாமல் வளரும் பூனைக்கு, கண்ணில் படும் ஒரே பச்சை அந்தப் பூச்சாடியாக இருந்தால் அது அதைத்தான் கடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லில்லியால் இறப்பதற்குப் பூனை அதைத் தின்ன வேண்டியதே இல்லை. சாடியை உரசிக்கொண்டு நடந்தால் மகரந்தம் முடியில் ஒட்டும். பூனை தன் உடலை நாவால் நக்கித் தூய்மை செய்யும்போது அது வயிற்றுக்குள் செல்லும். எந்தத் தூய்மைக்காகப் பூனையை நாம் போற்றுகிறோமோ, அந்தத் தூய்மைப் பழக்கமே இங்கு அதன் உயிருக்கு உலை வைக்கிறது. ‘எங்கள் பூனை செடி தின்னாது’ என்ற உறுதிமொழியால் இதைத் தடுக்க முடியாது. மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிட்டால் போதும் என்பதும் பயனற்ற யோசனையே. இதழும் இலையும் சாடி நீரும் அப்படியேதான் இருக்கின்றன.

‘நமக்கு ஒன்றும் செய்யவில்லையே’

சீனச் சமையலில் டே லில்லியின் காய்ந்த மொட்டுகள் குழம்பிலும் சூப்பிலும் சேர்க்கப்படுகின்றன. சில லில்லி வகைகளின் கிழங்கும் அங்கு உணவாகிறது. மனிதர் உண்ணும் பொருள் பூனையைக் கொல்லுமா என்று கேட்பது இயல்புதான். ஆம், கொல்லும். இதே பூவைத் தின்ற நாய்க்குப் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடுகிறது. பூனைக்கோ சிறுநீரகமே போய்விடுகிறது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் போக்கிவிடும். ஒவ்வோர் உயிரினத்தையும் இறைவன் வெவ்வேறு உடலமைப்போடு படைத்திருக்கிறான். பூனையின் உடலுக்கு நம் உடலை அளவுகோலாக்குவது, அந்தப் படைப்பின் வேறுபாட்டை மதியாமல் நடப்பதாகும்.

‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்’

மனத்தை மிகவும் நோகச் செய்வது இந்த மறுப்புதான். பூனை இறந்த பிறகு ஆறுதலுக்காக இதைச் சொன்னால் அது ஈமானின் சொல். இறப்பதற்கு முன்பே, சாடியை அகற்றச் சோம்பல்பட்டுச் சொன்னால் அது சாக்கு. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, முதலில் அதைக் கட்டும்படியும் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதீயில் வரும் செய்தியை அறியாதவர் நம்மில் யார்? ஒட்டகம் தொலைந்தால் நமக்கு நட்டம். ஆகவே அந்தச் செய்தி நமக்கு விளங்குகிறது. பூனை இறந்தால் நட்டம் பூனைக்கு. அதனால்தானா இங்கு மட்டும் அது விளங்காமல் போகிறது? கதவுக்குப் பூட்டும் நகைக்குப் பெட்டியும் தேடும் கை, பூச்சாடியை வெளியே வைக்க மட்டும் தவக்குலைத் துணைக்கு அழைப்பது நேர்மையாகாது.

அடைத்து வைத்தவளின் செய்தி

பூனை தொடர்பான நபிமொழிகளில் நம் பயான்களில் திரும்பத் திரும்ப ஒலிப்பது, பூனையின் காரணமாக வேதனைக்குள்ளான பெண்ணைப் பற்றியது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அது பதிவாகியிருக்கிறது. அவள் பூனையை அடித்தாள் என்றோ நஞ்சு வைத்தாள் என்றோ அதில் இல்லை. அடைத்து வைத்தாள், உணவும் நீரும் கொடுக்கவில்லை, பூமியில் உள்ள புழு பூச்சிகளைத் தானே தேடித் தின்ன விடவும் இல்லை. குற்றத்தின் வேர் கதவை அடைத்ததில் இருக்கிறது. கதவு திறந்திருந்தால் அந்தப் பூனை தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும். அடைத்த அந்த நொடியிலேயே பூனையின் உலகம் முழுவதும் அவளுடைய பொறுப்பானது. அந்தப் பொறுப்பை அவள் நிறைவேற்றவில்லை.

இச்செய்தியைக் கேட்டு, அவளைப் போன்ற கல்நெஞ்சம் நமக்கில்லை என்று நிம்மதி கொள்கிறோம். வேளைக்கு மீனும் பாலும் வைக்கிறோமே, பிறகென்ன என்கிறோம். ஆனால் இன்று நம் வீட்டுப் பூனைகளில் பல, பிறந்ததிலிருந்து இறக்கும் வரை நாம் அடைத்த கதவுக்குள்தான் வாழ்கின்றன. எதைத் தின்பது, எதைக் குடிப்பது, எதன் மேல் உரசுவது என்ற தேர்வு அவற்றிடம் இல்லை. அந்த நான்கு சுவருக்குள் எதைக் கொண்டுவந்து வைப்பது என்று நாம்தான் முடிவு செய்கிறோம். பட்டினி போடுவது மட்டும்தான் பொறுப்பை மறப்பது என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? தப்பிச் செல்ல வழியில்லாத உயிரின் அருகில் நஞ்சை வைத்துவிட்டு, ‘அதற்கே தெரியும்’ என்று திரும்பிக்கொள்வதும் அதே மறதியின் இன்னொரு வடிவமே.

ஃபிக்ஹு நூல்களின் அமைப்பைப் பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உரிய செலவினங்களைச் சொல்லும் அதே பாடத்தில்தான், ஒருவரின் பொறுப்பில் உள்ள விலங்குகளுக்குரிய பராமரிப்பும் சொல்லப்படுகிறது. விருப்பமிருந்தால் செய்யும் தர்மமாக அது வைக்கப்படவில்லை. செய்தே ஆகவேண்டிய கடமைகளின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது.

அபூகதாதா (ரலி) அவர்களின் செய்தியையும் இங்கே நினைவில் கொள்வோம். அவர்களுக்காக மருமகள் கப்ஷா உளூச் செய்ய நீர் ஊற்றி வைத்திருந்தார். பூனை ஒன்று அருந்த வந்தது. அபூகதாதா அவர்கள் அது எளிதாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றி வரும் உயிர்களில் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். இச்செய்தியிலிருந்து நாம் சட்டத்தை எடுத்துக்கொண்டோம். சாய்ந்த பாத்திரத்தை மறந்துவிட்டோம். பூனைக்காக அந்தக் கை சற்று வளைந்து கொடுத்தது. உளூ நீரில் வாய் வைக்கும் பூனை பூச்சாடி நீரிலும் வாய் வைக்கும். அன்று ஒரு நபித்தோழர் பூனை அருந்துவதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்தார். இன்று பூனை அருந்தாதிருக்க ஒரு சாடியை அகற்ற நமக்கு மனமில்லையா?

பெயரில் உள்ள மயக்கம்

லில்லி என்ற பெயரில் பல செடிகள் விற்கப்படுவது ஆபத்தைக் கூட்டுகிறது. அல்லியையும் லில்லியையும் சிலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். அல்லி குளத்தில் மலர்வது; அது வேறு குடும்பம். வரவேற்பறைகளில் வைக்கப்படும் ‘பீஸ் லில்லி’யும் உண்மையான லில்லி அன்று. அதைக் கடித்தால் பூனையின் வாயும் நாக்கும் எரிந்து எச்சில் வடியும், சிறுநீரகம் அழிவதில்லை. மழைக்குப் பின் மலரும் ‘மழை லில்லி’ வாந்தியை உண்டாக்கும். அதுவும் வேறு இனம்.

நம் மாநில மலரான செங்காந்தளும் ‘குளோரி லில்லி’ என்றே ஆங்கிலத்தில் வழங்கப்படுகிறது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் விதைக்காகப் பயிரிடப்படும் அச்செடியில் கோல்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அதன் கிழங்கு மனிதரையே கொல்லும். பூனைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ‘லில்லிதானே, எங்கள் வீட்டில் பல வருடங்களாக இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டில் இருப்பது எந்தச் செடி என்பதே முதல் கேள்வி. ஒருவர் வீட்டு மழை லில்லியின் அனுபவம் இன்னொருவர் வீட்டு ஓரியண்டல் லில்லிக்குச் சான்றாகாது.

பூ விற்கும் சகோதரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பது வணிகச் சமுதாயமான நமக்குத் தெரியாததன்று. ‘வீட்டில் பூனை இருக்கிறதா?’ என்ற ஒரே ஒரு கேள்வியை வாங்குபவரிடம் கேட்டால் வியாபாரம் குறையாது. லில்லிக்குப் பதிலாக ரோஜாவோ ஜெர்பெராவோ விற்கும். மாறாக, விவரம் அறியாமல் ‘ஒன்றும் செய்யாது, எடுத்துச் செல்லுங்கள்’ என்று சொல்வது மறைத்து விற்பதற்கு மிக அருகில் நிற்கிறது.

‘அப்படியானால் பூனையை விட்டுவிடுகிறோம்’

இவ்வளவும் கேட்ட பிறகு, தொல்லை எதற்கு, பூனையை மீன் சந்தையில் விட்டுவிடுவோம் என்பாரும் உண்டு. தானே தேடித் தின்னப் பூனையை விடுவதைத்தான் நபிமொழியும் சொல்கிறதே என்று வாதிடவும் செய்வார்கள். வேட்டையாடி அறியாத, சாலையைக் கண்டிராத, தெருப் பூனைகளோடு பழகாத வளர்ப்புப் பூனையைச் சந்தை மூலையில் இறக்கிவிடுவது விடுதலையன்று, கைகழுவுதல். பூவுக்கும் பூனைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், வாடிப்போகும் பூவைத்தான் வெளியேற்ற வேண்டும்.

பூக்களையே வெறுக்கும்படியும் நாம் சொல்லவில்லை. ரோஜா, மல்லிகை, ஜெர்பெரா ஆகியவை பூனைக்கு நஞ்சாவதில்லை. அவற்றால் வீட்டை அலங்கரியுங்கள். ஒரு தொட்டியில் கோதுமையைத் தூவி வையுங்கள். சில நாட்களில் முளைக்கும் புல்லைப் பூனை விருப்பத்தோடு கடிக்கும். அரளி, நித்தியகல்யாணி, லில்லி ஆகியவற்றைப் பூனை செல்லும் இடத்தில் வைக்காதீர்கள். பரிசாக வந்த பூங்கொத்தில் லில்லி இருந்தால், கொடுத்தவர் மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம். அவருக்கு நன்றி சொல்லி, பூனை இல்லாத வீட்டாருக்கு அதைக் கொடுத்துவிடலாம்.

பூனை லில்லியைக் கடித்ததையோ, அதன் முடியில் மகரந்தம் ஒட்டியிருப்பதையோ கண்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திருக்காதீர்கள். மகரந்தத்தை ஈரத்துணியால் துடைத்து, பூனை மேலும் நக்காமல் பார்த்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பால் புகட்டுவதும் எண்ணெய் கொடுப்பதும் பயனற்றவை. உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது தனி ஆபத்து. பூவின் ஒரு கிளையையோ அதன் படத்தையோ உடன் எடுத்துச் செல்லுங்கள். முதல் சில மணி நேரத்திற்குள் சிகிச்சை தொடங்கி, இரண்டு மூன்று நாட்கள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துவிடுகின்றன. 18 மணி நேரம் கடந்துவிட்டால் சிறுநீரகத்தை மீட்பது மிகவும் கடினம். நகரங்களில் தனியார் மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் உள்ளோருக்கு, 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. பூனைக்கு மருத்துவமா என்று சிரிப்பவர் சிரிக்கட்டும்.

‘ஒரு பூவுக்கும் பூனைக்கும் இத்தனை பேச்சா? சமுதாயத்தில் வேறு பிரச்சினைகளே இல்லையா?’ என்று கேட்பவர்களுக்கு இறுதியாக ஒன்று. பெரிய பிரச்சினைகளில் நம் கை எட்டும் தூரம் குறைவு. இந்தச் சாடியோ நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு பெண்ணின் மறுமையை ஒரு பூனையைக் கொண்டு எடைபோட்ட மார்க்கம் நம்முடையது. சிறியது என்று நாம் ஒதுக்கும் ஒன்று அங்கேயும் சிறியதாகவே இருக்கும் என்பதற்கு நம்மிடம் எந்த உத்தரவாதமும் இல்லை.

நம் கதவுக்குள் நாம் அடைத்து வைத்த ஒவ்வோர் உயிரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை அறிந்து, காலத்தே காத்துக்கொள்ளும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.